முயல் ஓடாத தெருவில்

காலை ஐந்தரை மணி. மதுரைக்கு வெளியே, எங்கள் குடியிருப்பை ஒட்டிய பள்ளி மைதானம். செவத்தி என் பக்கத்தில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தாள். ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறைப் பெட்டை. உட்காரச் சொன்னால் உட்காருவாள், கூப்பிட்டால் வருவாள். பழக்கியவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்போது எங்கிருந்தோ ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பை காற்றில் எழும்பி, தரையைத் தொட்டும் தொடாமலும் மைதானத்தின் குறுக்கே ஓடியது.

அவள் தலை நிமிர்ந்தது. காதுகள் பின்னால் படிந்தன. ஓரடி பின்வாங்கித் தலையைத் தாழ்த்தினாள். கழுத்துப்பட்டை கயிற்றோடு என் கையில் தொங்கியது. நாய் அதில் இல்லை. நான் பெயர் சொல்லிக் கத்தி முடிப்பதற்குள் மறுகோடிக்குப் போய்விட்டாள். பையைக் கவ்வி இரண்டு உதறு உதறினாள். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் கீழே போட்டுவிட்டு, எதுவும் நடக்காததுபோல என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள். அவள் நின்ற இடத்திலிருந்து பத்தடியில் நான்கு வழிச் சாலை.

அவளை எனக்குக் குட்டியாகக் கொடுத்தவர் கோவில்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். அன்று மாலை அவரிடம் போனில் புலம்பினேன். சிரித்தார். "தம்பி, அது ஒங்க பேச்ச மீறிப் போகல. அதுக்குக் கண்ணு தொறந்துட்டா காது அடைச்சுக்கிடும். அந்நேரம் அதுக்குக் காதே கெடையாது."

நான் அதுவரை நாய் வளர்ப்பு பற்றிப் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. ஏன் காது அடைத்துக்கொள்கிறது, அப்படிப்பட்ட நாயை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

வேட்டை நாய் என்றதும் நம் நினைவுக்கு வருவது மூக்கு. பீகிள், பிளட்ஹவுண்டு எல்லாம் தரையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு மணிக்கணக்காகத் தடம் பிடித்துப் போகும் வகை. புதரும் மரமும் மறைக்கிற நாட்டில் அதுதான் வழி. சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் பூமி வேறு மாதிரி. அங்கே 'காடு' என்று சொல்வது மரம் அடர்ந்த வனத்தை அல்ல, மானாவாரி நிலத்தை. கம்பும் பருத்தியும் எடுத்து முடிந்தபின் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைப்பு எதுவும் இருக்காது. அந்த வெட்டவெளியில் ஒரு முயல் எழும்பினால் மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்க நேரம் ஏது? பார்த்த நொடியில் ஓட வேண்டும். அரபு நாடுகளின் சலூக்கி, ரஷ்யப் புல்வெளியின் போர்சாய், வட கர்நாடகத்தின் முதோள் எல்லாம் இப்படித் திறந்த நிலத்தில் உருவான பார்வை வேட்டை நாய்கள். ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அண்ணன் தம்பி போல இருக்கும்: நீண்ட முகம், ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, வில்லாக வளையும் முதுகு. சிப்பிப்பாறையும் கன்னியும் அந்தக் குடும்பத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள்.

கன்னி என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். புகுந்த வீடு போகும் பெண்ணுக்குச் சீதனமாக இந்த நாயைக் கொடுப்பார்களாம், அதனால் கன்னியாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வட்டாரத்தில் 'கன்னி ஆடு' என்று ஓர் ஆட்டினம் இருக்கிறது. உடம்பு கறுப்பு, முகத்திலும் காலிலும் அடிவயிற்றிலும் வேறு நிறக் கோடுகள். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செந்நிறமாக இருந்தால் செங்கன்னி. கன்னி நாயும் கறுப்பு உடம்பில் கண்ணுக்கு மேலும் காலிலும் செம்மண் நிறம் தீட்டியதுதான். ஆட்டுக்காரர்கள் நிறத்தை வைத்து ஆட்டுக்கு இட்ட பெயரையே நாய்க்கும் இட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சீதனக் கதையை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

கண்ணுக்கு வருவோம். மனிதன் தலையைத் திருப்பாமல் ஏறக்குறைய 180 பாகை அகலத்துக்குப் பார்க்கிறான். நாய்களுக்குப் பொதுவாக 240 பாகை. கண்கள் பக்கவாட்டில் ஒதுங்கிய நீண்ட முகத்து நாய்களுக்கு இன்னும் கூடுதல். அகலத்தைவிடச் சுவாரசியமான விஷயம் விழித்திரையில் இருக்கிறது. 2004இல் பால் மெக்கிரீவி என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவ ஆய்வாளரும் சகாக்களும், பலவகை நாய்களின் விழித்திரையில் பார்வைச் செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்பணுக்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களில் அவை நடுவில் ஒரு புள்ளியாகக் குவிந்திருந்தன, ஓரளவு நம் கண்ணைப்போல. மூக்கு நீள நீள அந்தப் புள்ளி இழுபட்டு, விழித்திரையின் குறுக்கே ஒரு பட்டையாக மாறியது. பட்டை என்றால் அடிவானம். செவத்தி ஒரே இடத்தில் நின்றபடி, இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை தொடுவானத்தில் எங்கே அசைந்தாலும் கூர்மையாகக் காண்கிறாள். மடியில் உட்கார்ந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பக் நாயின் அன்பை இவளிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இவள் பார்ப்பது நம் தோளுக்குப் பின்னால்.

அசைவதுதான் முக்கியம். காவல்துறை நாய்களை வைத்துச் செய்த ஒரு பழைய சோதனையில், 800 மீட்டருக்கு அப்பால் அசைந்த பொருளைக் கண்டுபிடித்த நாய்கள், அதே பொருள் அசையாமல் இருந்தபோது 600 மீட்டருக்குள் இருந்தால்தான் அடையாளம் கண்டன. இதோடு நிறத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பணுக்கள் இரண்டே வகை. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பும் பச்சையும் அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற சிவப்புப் பந்தைப் புல்தரையில் வீசிவிட்டு 'இந்த நாய்க்கு மூளையே இல்லை' என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பந்து நின்றதும் அது புல்லோடு புல்லாகிவிடுகிறது. நீலப் பந்து வாங்குங்கள்.

கண் பார்த்துவிட்டது. காது ஏன் அடைக்க வேண்டும்?

ரேமண்ட் காப்பிங்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் நாய்களின் வேட்டைச் செயலை ஒரு கோவையாகப் பிரித்தார்: திரும்பு, உற்றுப் பார், பதுங்கு, துரத்து, கவ்வு, கொல். ஓநாயிடம் இந்தக் கோவை முழுதாக இருக்கிறது. மனிதன் நாய்களைத் தெரிந்தெடுத்து இனம் பெருக்கியபோது இதில் சில கண்ணிகளைத் தடிக்க வைத்தான், சிலவற்றை மெலிய வைத்தான். ஆடு மேய்க்கும் பார்டர் கோலியிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் பெருத்திருக்கின்றன, கவ்வுவதும் கொல்வதும் மங்கிவிட்டன. சுட்ட பறவையை எடுத்துவரும் ரிட்ரீவருக்குக் கவ்வத் தெரியும், கடிக்க மனம் வராது. பார்வை வேட்டை நாயிடம் பதுங்கல் சுருங்கி, துரத்தல் பூதாகரமாக வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைத் தானாகவே இழுத்துவிடும். பசியோடு இதற்குச் சம்பந்தமில்லை. அரைத்தட்டு கறிச்சோறு தின்றுவிட்டு வந்த நாயும் ஓடும். துரத்துவதே அதற்குக் கிடைக்கும் பரிசு. கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு நாம் கூப்பிடும் குரல் அந்தப் பரிசோடு போட்டியிட வேண்டும். தோற்றுத்தான் போகும்.

ஆகவே திரும்பி வந்த நாயை அடிப்பது இரண்டு வகையில் மடத்தனம். ஓடியது தவறு என்று அதற்குப் புரியாது. உங்களிடம் வந்தது தவறு என்று நன்றாகப் புரியும். பிளாஸ்டிக் பை சம்பவத்தன்று நானும் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன். இரண்டு நாள் என் பக்கம் வராமல் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். இந்த இனத்தின் தோல் எவ்வளவு மெல்லியதோ மனமும் அவ்வளவு மெல்லியது.

அன்று கழுத்துப்பட்டை நழுவியதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மற்ற நாய்களுக்குத் தலை பெரிது, கழுத்து சிறிது. பட்டை காதோடு நின்றுவிடும். சிப்பிப்பாறைக்குத் தலையும் கழுத்தும் கிட்டத்தட்ட ஒரே சுற்றளவு. பின்வாங்கிக் குனிந்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். இறுக்கிக் கட்டினால் மூச்சுக்குழல் நெரியும். மூன்று விரல் அகலமுள்ள பட்டையில், இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும்படி இரட்டை வளையம் வைத்துத் தைத்த வகை இருக்கிறது. அல்லது நெஞ்சைச் சுற்றிப் போடும் வார் இருக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாமல் தெருவுக்குக் கூட்டிப் போகாதீர்கள். மெல்லிய சங்கிலி வேண்டவே வேண்டாம்: நின்ற இடத்திலிருந்து பாயும் நாய் சங்கிலியின் முனையில் சுண்டி நிற்கும்போது அடி வாங்குவது கழுத்தெலும்பு.

கட்டியே வைத்திருக்கவும் முடியாது. ஓட வேண்டும். 1970களில் கலிபோர்னியாவில் இதே சிக்கலில் இருந்தவர்கள் ஒரு வழி கண்டார்கள். முள்வேலியும் சாலையும் பெருகி, உயிருள்ள முயலைத் துரத்துவது நாய்க்கே ஆபத்தாகிவிட்டிருந்தது. மைதானத்தில் கப்பிகளை நட்டு, அவற்றின் வழியே நீளமான நூலை ஓட்டி, மோட்டாரால் இழுத்தார்கள். நூலின் நுனியில் முயலுக்குப் பதிலாக அவர்கள் கட்டியது வெள்ளை பிளாஸ்டிக் பை. இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். மோட்டார் வாங்க நமக்கு வசதியில்லாவிட்டாலும் ஆறடி மூங்கில் கம்பு போதும். நுனியில் இரண்டு மடங்கு நீளக் கயிறு, கயிற்று முனையில் வெளிர் நிறத் துணி. சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் நடுவில் நின்று சுழற்றினால் நாய் வட்டம் போடும். ஐந்து நிமிடம் தாராளம். முடிக்கும்போது துணியைப் பிடிக்க விடுங்கள், உதறட்டும். கோவை அறுந்த இடத்தில் நிற்கும் நாய் வீட்டுக்கு வந்து தலையணையைக் கிழிக்கும்.

ஐந்து நிமிடமா என்று கேட்பார்கள். இது நெடுந்தூர ஓட்டக்காரன் அல்ல. எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887இல் வெளியிட்ட விலங்கோட்டப் படங்களில், இதே பார்வை வேட்டைக் குடும்பத்தைச் சேர்ந்த கிரேஹவுண்டு ஓடும் வரிசை ஒன்று உண்டு. நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுதாகத் தரையை விட்டு எழும். பார்வை வேட்டை நாய் இரண்டுமுறை எழுகிறது: கால்கள் நான்கும் வயிற்றுக்கு அடியில் கூடும்போது ஒருமுறை, முன்னும் பின்னும் விரிந்து நீளும்போது இன்னொரு முறை. நடுவில் முதுகெலும்பு வில்லாக வளைந்து நிமிர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் கிரேஹவுண்டின் உடம்பு இதற்காகவே கட்டப்பட்டது. உடல் எடைக்கு அதன் இதயம் மற்ற நாய்களைவிடப் பெரிது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு சாதாரண நாயில் 45 சதவீதம் அளவில் இருந்தால், இதில் 60ஐத் தொடும். ஓட்டம் தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களையும் அவிழ்த்துவிடும். இவ்வளவு பணமும் ஒரு நிமிடத்தில் செலவு. பிறகு நாள் முழுக்கத் தூக்கம். செவத்தி ஒரு நாளில் பதினாறு மணி நேரம் சோபாவில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, 'வேட்டை நாய்னு சொன்னீங்களே' என்று கேட்காத விருந்தாளி இல்லை.

ஒரு நிமிட ஓட்டத்திலேயே உடல் வெப்பம் 41 பாகை செல்சியசைத் தொட்டுவிடும். நாயின் இயல்பு வெப்பம் 38க்குச் சற்று மேலிருந்து 39க்குச் சற்று மேல் வரை என்பதை வைத்துக் கணக்குப் பாருங்கள். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு இரைப்பதைத் தவிர வேறு வழி குறைவு. மதுரை சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் ஓட விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். தள்ளாடினாலோ, ஈறு செங்கல் நிறமானாலோ நிழலுக்குத் தூக்கிப் போய், சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மருத்துவர் என்றதும் ஒன்று. இந்த உடம்புவாகு உள்ள நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பது தனிக் கவனம் வேண்டிய வேலை. தயோபென்டோன் என்ற பழைய மருந்து மூளையிலிருந்து விலகித் தசைக்கும் கொழுப்புக்கும் பரவுவதால்தான் நாய் விழிக்கிறது. பிறகு கல்லீரல் அதைச் சிதைக்க வேண்டும். கிரேஹவுண்டுக்குக் கொழுப்பு மிகக் குறைவு, கல்லீரலும் அந்த மருந்தை மெதுவாகத்தான் சிதைக்கும். மற்ற நாய்கள் எழுந்து நின்றபிறகும் இது பல மணி நேரம் கிடக்கும். புரோபோஃபால் போன்ற மருந்துகள் வந்தபின் பயம் குறைந்திருக்கிறது. செவத்திக்குக் கருத்தடை அறுவை நடந்தபோது இதைக் கூச்சப்படாமல் மருத்துவரிடம் முதலிலேயே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, எடை போட்ட சீட்டில் 'பார்வை வேட்டை நாய்' என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். நீங்களும் சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனைக்கும் இது பொருந்தும்: கிரேஹவுண்டில் கிரியாட்டினின் சற்று உயர்ந்தும் தைராய்டு அளவு தாழ்ந்தும் இருப்பது நோய் அல்ல, இயல்பு.

சாப்பாட்டுக்கு வந்தால், ஊர்ப் பழக்கத்தை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. கரிசல் காட்டு நாய் கம்பங்கூழும் மோரும் குடித்து வளர்ந்தது. கறி கிடைத்தால் பண்டிகை. நாய் மாமிசம் மட்டுமே தின்ன வேண்டிய பிராணி என்று சாதிப்பவர்களுக்கு ஒரு செய்தி. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருப்பதாக 2013இல் சுவீடனின் உப்சாலா ஆய்வுக்குழு கண்டறிந்தது. மனிதன் விதைக்கத் தொடங்கியதும் கூடவே நாயின் குடலும் விவசாயியாகிவிட்டது. ஆனாலும் கூழ் மட்டும் போதாது. தினம் முட்டையோ கோழியோ மீனோ கொஞ்சமாவது வேண்டும். வெந்த எலும்பு கூடாது, சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் எந்த நாய்க்கும் விஷம்.

எவ்வளவு போடுவது? கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் பார்த்தாலே தெரிய வேண்டும். அதுதான் சரியான உடம்பு. எதிர்வீட்டம்மா இதை ஏற்கவில்லை. "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுறீங்களே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார். அதோடு நிற்காமல், நான் இல்லாதபோது கேட்டின் இடுக்கு வழியாக நெய் ஊற்றிய பருப்புச் சோறு போட ஆரம்பித்திருந்தார். ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

கொழுப்பு இல்லாத உடம்பில் எலும்பு தரையில் இடிக்கும். முழங்கையில் காய்ப்பு விழுந்து புண்ணாகும். பழைய மெத்தை ஒன்று கொடுத்துவிடுங்கள், மார்கழியில் ஒரு கம்பளியும். மற்ற நாய்க்கு இது செல்லம் கொடுப்பது, இதற்குத் தேவை. தோலில் சின்ன முள் இழுத்தாலும் துணி கிழிந்ததுபோல விரியும். சீமைக்கருவேலம் மண்டிய தரிசில் ஓட விடாமலிருக்க இது ஒன்றே போதுமான காரணம். உண்ணி பார்ப்பதில் சோம்பல் கூடாது. முடி குட்டையானது என்பதால் தேடுவது எளிது: காதின் உள்மடிப்பு, விரலிடுக்கு, வாலின் அடி. உண்ணிக் காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தால் மறுநாளே காட்டுங்கள்.

குட்டி வாங்கும்போது பார்க்க வேண்டியது வம்சப் பெருமையை அல்ல. 2018இல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் வரும் கருப்பி என்ற நாயைப் பார்த்து அழுதுவிட்டு, மூன்றாம் மாடி அடுக்ககத்துக்கு இந்த நாயைக் கொண்டுவந்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அழுததற்காக நாயை வாங்கக் கூடாது. தாயைப் பாருங்கள், மனிதரைக் கண்டு நடுங்குகிறதா என்று கவனியுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் 1965இல் எழுதிய நூல், மூன்றாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலம்தான் நாய்க்குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் என்று காட்டியது. அந்த நாட்களில் பூனை, கோழி, குக்கர் சத்தம், குழந்தைகள், ஆட்டோ எல்லாவற்றையும் அது சந்தித்துவிட வேண்டும். செவத்தி எங்கள் வீட்டுப் பூனையோடு ஒரே மெத்தையில் தூங்குவாள். தெருப்பூனை ஓடினால் கதை வேறு. ஓடுவது பூனையாகத் தெரியாது, வெறும் ஓட்டமாகத்தான் தெரியும். கோழி வளர்க்கும் வீட்டில் இந்த நாயை நம்பி விட்டுவிட்டு வெளியூர் போகாதீர்கள்.

பக்கத்து உறவான ராஜபாளையம் நாயை விரும்புகிறவர்கள் குட்டியின் காதைச் சோதிப்பது அவசியம். அதன் பால்வெள்ளை நிறத்துக்கு ஒரு விலை இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உட்காதிலும் இருந்தால்தான் கேட்கும் உறுப்பு உயிரோடிருக்கும். அவை அங்கே வந்து சேராத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களில் காது செத்துவிடும். குட்டி பார்க்காத திசையிலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேட்டைக்கு என்று கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். திருவிழா வேட்டையான பாரிவேட்டை நடந்த ஊர்களிலும் இப்போது வனத்துறை வந்து நிற்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. தொழில் போய்விட்டது, தொழிலுக்காகச் செதுக்கிய உடம்பு மட்டும் மிச்சமிருக்கிறது. அதற்குச் சோறும் மெத்தையும் மூங்கில் கம்பும் கொடுக்க நாம் இருக்கிறோம்.

போன தை மாதம் பெரியவர் ஒரு கல்யாணத்துக்காக மதுரை வந்தவர், செவத்தியைப் பார்க்க வீட்டுக்கும் வந்தார். இப்போது அவளுக்கு ஏழு வயது, கண்மணியில் மெல்லிய நீலம் படர்ந்திருக்கிறது. எழுந்து போய் அவர் கையை முகர்ந்துவிட்டு நின்றாள். அவர் பேசவில்லை. குனிந்து பாதத்தின் மெத்தையை அழுத்திப் பார்த்தார், உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விலாவின் மேல் விரல்களை வரிசையாக ஓட்டினார். எதிர்வீட்டம்மா கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வாரோ என்று எனக்கும் கொஞ்சம் படபடப்புதான்.

"நாய் நல்லாத்தான் இருக்கு தம்பி," என்று வேட்டியைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்தார். "ஒரு ரெண்டு கிலோ கூடிப்போச்சு. யாரு நெய்ச்சோறு போடுறது?"